வண்ணச் சுவரொட்டியின் முன்னோடி லொத்ரெக் அல்லர்

வண்ணச் சுவரொட்டிக் கலையைத் தொடங்கி வைத்தவர் பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லொத்ரெக் என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. பாரிசின் முலான் ரூஜ் கேளிக்கை அரங்குக்காக லொத்ரெக் தம் முதல் சுவரொட்டியை வரைந்தது 1891இல். அதே அரங்கின் திறப்புக்கு 1889இலேயே சுவரொட்டி வரைந்துவிட்டவர் ழூல் ஷெரே.

1836இல் பாரிசில் அச்சுக்கோப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஷெரே, 13ஆம் வயதில், கல்லில் வரைந்து தாளில் பதிக்கும் கல்லச்சுத் தொழில் பழகச் சேர்ந்து, பின்னர் லண்டனில் பல ஆண்டுகள் உழைத்து, நறுமணப் பொருள் வணிகர் யூஜின் ரிம்மலின் பண உதவியுடன் 1866இல் பாரிஸ் திரும்பிச் சொந்த அச்சகம் தொடங்கினார். கல்லச்சு அவருடைய கண்டுபிடிப்பன்று. அது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்டது. ஆனால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் பதிக்கும் முறையைப் பெரிய தாளுக்கும் தெருச்சுவருக்கும் ஏற்றபடி மலிவாக்கிக் காட்டியவர் அவரே. வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவரொட்டிகளைப் படைத்தார். இந்த உழைப்பை ஒரே வரியில் மறைத்துவிடுவது வருத்தம் தருகிறது.

லொத்ரெக்கின் மேதைமையில் எனக்கு ஐயமில்லை. 1895 முதல் ஷெரே முன்னின்று வெளியிட்ட சுவரொட்டித் தொகுப்பு வரிசையிலும் லொத்ரெக்கின் படைப்புகள் இடம்பெற்றன.