அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

சென்னை ஜார்ஜ் டவுனில் உள்ள அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை எதுவும் இல்லை. அங்கே குடியிருந்தவர்கள் ஆர்மீனிய வணிகர்கள். 'ஆர்மீனியன்' என்ற சொல் ஊரார் நாவில் புரண்டு அரண்மனைக்காரனாகிவிட்டது. இந்தப் பிழையைத் திருத்த வேண்டும் என்று நண்பர்களிடம் நானும் பலமுறை வாதிட்டிருக்கிறேன். சென்ற வாரம் அந்தத் தெருவில் ஒரு முழுப் பகல் நடந்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

1772-இல் கட்டப்பட்ட ஆர்மீனியத் தேவாலயத்துக்குள் நுழைந்தால் தெருவின் இரைச்சல் சட்டென்று அடங்கிவிடுகிறது. முற்றத்தில் பாவியிருக்கும் கற்களில் பல, கல்லறைக் கற்கள். தேய்ந்துபோன ஆர்மீனிய எழுத்துகளின் மேல் கால் படாமல் நடக்க முயன்று தோற்றேன். 1794-இல் உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' வெளிவந்தது இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய ஷ்மவோனியன் பாதிரியாரின் கல்லறையும் இவ்வளாகத்தில் உள்ளது. அதே தெருவில் கச்சாலீசுவரர் கோயிலும், செவ்வாய்தோறும் கூட்டம் அலைமோதும் அந்தோணியார் திருத்தலமும் இருக்கின்றன.

மாலையில், பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் இப்பகுதிக்குக் கொண்டுவந்த அத்தோவைச் சாப்பிடப் போனேன். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளிக்கரைசல் எல்லாவற்றையும் கடைக்காரர் கையாலேயே பிசைந்து கொடுத்தார். கூடவே வாழைத்தண்டு சூப்பும் வந்தது. பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் கலந்து பிசைந்த உணவு. அந்தச் சொல்லும் இங்கே வந்து கடைசி எழுத்தை உதிர்த்துவிட்டு அத்தோ ஆகியிருக்கிறது. அதை யாரும் பிழை என்பதில்லை. (இரண்டாவது தட்டுக்கு இடமில்லையே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.)

வெள்ளையர் 'கறுப்பர் நகரம்' என்று அழைத்த இப்பகுதிக்கு, 1911-இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் பெயரைச் சூட்டியது அரசாங்கம். அரண்மனைக்காரனை எந்த அரசாணையும் உருவாக்கவில்லை. மூட்டை தூக்கியவரும் வண்டியோட்டியவரும் அண்டை வீட்டாரின் அயல்பெயரைத் தமக்கு வாய்த்த ஒலியில் சொல்லிச் சொல்லி ஆக்கிய பெயர் அது. ஆகவே மாநகராட்சி அந்தப் பெயரைத் தொட வேண்டாம். பலகையின் கீழே, இங்கே ஆர்மீனியர் வாழ்ந்தனர் என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும்.