அம்மாவின் நோயை மகள் எழுதக்கூடாதா?

நேற்றிலிருந்து நடப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் தோழி ஒருத்தி தன் அம்மாவின் கடைசி மாதங்களைப் பற்றி எழுதிவரும் பதிவுக்குக் கீழே ஒரு பெரிய மனிதர், "வீட்டுத் துக்கத்தை வீதியில் வைத்து லைக் வாங்காதே" என்று போட்டார். அதற்கு ஹார்ட் போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். ராத்திரி தூங்க முடியவில்லை.

ஐயா, துக்கத்தை வீதியில் வைப்பது நமக்குப் புதிதா? எழவு வீட்டு வாசலில் பெண்கள் கட்டிப்பிடித்து உட்கார்ந்து, செத்தவர் வாழ்ந்ததையும் தாழ்ந்ததையும் ஒப்பாரியில் சொல்லி அழுதது தெருவே கேட்கத்தானே? பட்டினத்தார் தாய்க்குத் தீ மூட்டும்போது பாடியதை இன்றும் உருகிக் கேட்கிறோம். துறவி அழுதால் ஞானம், மகள் அழுதால் விளம்பரமா? அவள் எழுதட்டும்.

"அம்மாவின் அந்தரங்கம் என்ன ஆவது?" என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். டயாப்பரைப் பற்றியெல்லாம் எழுத வேண்டுமா என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் இதைக் கேட்கிறவர்களில் எத்தனை பேர் அந்த டயாப்பரை மாற்றியிருக்கிறீர்கள்? மாற்றியவள் எழுதுகிறாள். எழுதட்டும்.

"எழுதி என்ன ஆகப்போகிறது?" இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. என் அம்மாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். வயிறு உப்புசமாக இருக்கிறது, ரெண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வாய்வு என்று நாங்கள் ஓமத்தண்ணீர் கொடுத்தோம், பார்த்த டாக்டரும் கேஸ் மாத்திரைதான் எழுதினார். ஸ்கேன் எடுத்தபோது வயிற்றில் நீர் கோத்திருந்தது. இந்த நோய் அப்படித்தான், சாதாரண அஜீரணம் மாதிரி வந்து, முற்றிய பிறகே பெரும்பாலும் பிடிபடும். எங்கள் குடும்பத்திலேயே இதே மாதிரி வயிறு வீங்கிச் செத்த ஒரு பெரியம்மா உண்டு. என்ன நோய் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "வயித்துல கட்டி" என்று முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு ஒருத்தியாவது அதை எழுதி வைத்திருந்தால், ஓமத்தண்ணீரோடு நாங்கள் நின்றிருக்க மாட்டோம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கை புற்றுநோயில் துடித்துச் செத்ததைப் பார்த்தவர். அந்த வேதனையை வீட்டுக்குள் பூட்டிவைக்கவில்லை. ஊரறியச் சொன்னார், பணம் திரட்டினார், அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. அதுவும் ஒரு வீட்டுத் துக்கம்தான் ஐயா.

"ஆண்களும் பெற்றவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள்" என்று ஒரு தம்பி. பார்த்துக்கொள்ளட்டும், அவர்களும் எழுதட்டும். யார் தடுத்தது?

கீமோ போட்டு வந்த இரவுகளில் அம்மா வாந்தி எடுத்து ஓய்ந்து, "உனக்குத்தாண்டி கஷ்டம்" என்பார்கள். அதைச் சொல்லி அழ எனக்கு ஆள் இல்லை. ஃபோன் செய்தவர்கள் "எந்த ஸ்டேஜ்?" என்று கேட்டார்கள், "மஞ்சள் கொடு, முள்சீத்தா கொடு" என்றார்கள். நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று யாரும் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் இலை போடும் முன்பே அம்மாவின் வளையல் யாருக்கு என்று பேசினார்கள். அப்போது வீட்டு விஷயம் வீதிக்கு வருகிறதே என்று யாருக்கும் கூச்சமில்லை.

இப்போது மட்டும் குடும்ப மானம் நினைவுக்கு வருகிறதாக்கும். தோழியின் பதிவில் "எழுதும்மா, நாங்க படிக்கிறோம்" என்று முன்பின் தெரியாத பெண்கள் சொல்கிறார்கள். அதில் ஒரு சொல்லை அன்றைக்கு நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாம்.

ஹார்ட் போட்ட சித்தி, மாமா, அத்தான் எல்லோரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அவள் எழுதியது தப்பா சரியா என்று எனக்கு விளக்க வேண்டாம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஏன் ஒருநாள்கூட வந்து பக்கத்தில் உட்காரவில்லை, அதற்கு மட்டும் கமெண்டில் பதில் போடுங்கள்.