கழித்தலுக்குச் சீட்டு நல்லதுதான், ஆனால் எந்த ஆட்டம்?

சின்னப் பிள்ளைக்குக் கழித்தல் எப்படி மனதில் நிற்கவைப்பது என்று யாரைக் கேட்டாலும் வரும் பதில், "சீட்டுக்கட்டு எடுத்து விளையாடுங்க, தானா வந்துடும்." நானும் நம்பி மூன்று மாதம் ஆடினேன். தானாக வரவில்லை. பையன் சீட்டாட்டத்தில் கெட்டிக்காரன் ஆனான், குலுக்கக் கற்றுக்கொண்டான், தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போகவும் கற்றுக்கொண்டான். ஆனால் பதின்மூன்றில் எட்டு போனால் எவ்வளவு என்று கேட்டால் பழையபடி விரல்தான்.

நாங்கள் ஆடியது எல்லோரும் சொல்லும் அந்த ஆட்டம். ராஜா, ராணி, ஜாக்கியை எடுத்துவிட்டால் 40 சீட்டு மிஞ்சும், ஏஸ் என்பது 1. ஆளுக்கு இரண்டு சீட்டு திருப்பி, பெரியதில் சின்னதைக் கழித்து, யாருக்கு அதிகம் வருகிறதோ அவர்களுக்கு நாலு சீட்டும். எளிதான ஆட்டம், ஐந்து நிமிடத்தில் பிள்ளைக்குப் புரிந்துவிடும், சரி. ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 40 சீட்டில் இரண்டு எடுக்க 780 வழி இருக்கிறது. அதில் வித்தியாசம் 1 வருவது 144, 2 வருவது 128, 3 வருவது 112. இந்த மூன்று மட்டுமே 384, கிட்டத்தட்டப் பாதி ஆட்டம். வித்தியாசம் 9 வருவது வெறும் 16. அதாவது 7-ல் 6, 5-ல் 3 என்று ஏற்கெனவே தெரிந்ததையே பிள்ளை திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறது. இதைவிடப் பெரிய ஓட்டை, பத்துக்கு மேல் போகும் கணக்கு இந்த ஆட்டத்தில் ஒருமுறைகூட வராது. 13-ல் 8, 15-ல் 7, 17-ல் 9, பிள்ளைகள் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறார்களோ அது ஒன்றுகூட இல்லை! வராத கணக்கை மூன்று மாதமாகப் பழக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜாக்கிக்கு 11, ராணிக்கு 12, ராஜாவுக்கு 13 என்று வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைத்துப் பார்த்தோம். ராணி எவ்வளவு என்று ஞாபகப்படுத்துவதிலேயே பாதி மூளை போய்விடுகிறது, அப்படியும் 13-ஐத் தாண்டாது.

அதற்காக அந்த ஆட்டமே வீண் என்று சொல்லமாட்டேன். ஆரம்பத்தில் அது ஒன்றைச் சொல்லிக்கொடுக்கும். நாம் கழித்தல் என்றால் எப்போதும் "ஒன்பதில் ஐந்து போனால்" என்றே கேட்கிறோம், எதையோ எடுத்துவிடுவது மட்டும்தான் கழித்தல் என்று பிள்ளைக்குப் பதிந்துவிடுகிறது. மேசையில் ஒன்பதும் ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது யாரும் எதையும் எடுக்கவில்லை, எது எவ்வளவு கூட என்றுதான் பார்க்கவேண்டும். என் சின்னவளுக்கு இது சட்டையிலிருந்து கழற்றிய பொத்தான்களை வைத்துத்தான் புரிந்தது. ஒன்பதாம் எண் சீட்டின் புள்ளி மேல் ஒன்பது பொத்தான், ஐந்தின் மேல் ஐந்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று ஜோடி ஜோடியாக எடுத்துக்கொண்டே வந்தால் கடைசியில் நாலு தனியாக நிற்கும். அந்த நாலையும் அவளே வைத்துக்கொள்ளலாம் என்றதும் கணக்கில் அவளுக்கு வந்த அக்கறையைப் பார்க்கவேண்டுமே. சீட்டில் எண் மட்டும் இல்லாமல் புள்ளியும் இருப்பது பெரிய வசதி. குழந்தைகளுக்கென்றே தனியாக வரும், எண் மட்டும் பெரிதாக அச்சடித்த அட்டைகளைவிடச் சாதாரணச் சீட்டுக்கட்டே மேல் என்பது என் கட்சி.

இன்னொன்றும் அந்த ஆட்டத்தில் பிடிபடும். எட்டில் மூன்று என்றால் பையன் "எட்டு, ஏழு, ஆறு" என்று மூன்று எண்களைச் சொல்லிவிட்டு ஆறு என்பான். நிற்கும் இடத்தையே முதல் அடியாக எண்ணிவிடுகிறான். நோட்டில் வெறும் தப்பான விடையாகத் தெரிந்த இது, அவன் வாய்விட்டு எண்ணும்போதுதான் எனக்கு விளங்கியது. ஏஸிலிருந்து பத்து வரை வரிசையாகப் பரப்பி, எட்டில் விரலை வைத்து மூன்று தாவு என்றேன். இரண்டே நாளில் சரியானது.

இப்போது நாங்கள் ஆடுவது நெற்றிச் சீட்டு. மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கொரு சீட்டைப் பார்க்காமல் எடுத்து, எண் வெளியே தெரிய நெற்றியில் ஒட்டவைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஆள் இரண்டையும் பார்த்துக் கூட்டி, மொத்தத்தை மட்டும் சொல்வார். எதிராளியின் சீட்டு நமக்குத் தெரியும், மொத்தம் தெரியும், நம்முடையது என்ன? இந்த ஆட்டத்தில் அதே 780-ல் 430 தடவை மொத்தம் பத்துக்கு மேல் வரும். இன்னொரு அழகு, மொத்தம் 13 என்றால் ஒருவர் 13-ல் 8 போடும் அதே நேரத்தில் எதிரே இருப்பவர் 13-ல் 5 போட்டுக்கொண்டிருக்கிறார். இரட்டைக் கணக்கு இரண்டும் ஒரே சுற்றில் முடிந்துவிடும்.

முதல் வாரம் அவன் என் நெற்றியில் இருந்த எட்டையே முறைத்துக்கொண்டு, உதடு அசைய, "ஒன்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு" என்று முழங்காலுக்கடியில் விரல் மடக்கி ஐந்து என்றான். பின்னாலிருந்து எண்ணாமல் மேலே ஏறிப் போனதே பெரிய விஷயம். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே எட்டு, அதே பதின்மூன்று, விரல் அசையவில்லை. எப்படிடா என்றேன். "எட்டுக்கு ரெண்டு போட்டா பத்து, அப்புறம் மூணு, அஞ்சும்மா." பத்தில் ஏறி நின்று தாண்டுவதை நான் சொல்லித்தரவே இல்லை. பதின்மூன்று என்னும் பேரிலேயே பத்தும் மூன்றும் ஒளிந்திருக்கிறதே, நம் மொழி அங்கே கொஞ்சம் கை கொடுக்கிறது என்று நினைக்கிறேன்.

கெடுத்ததும் நான்தான். வேகம் வரட்டுமே என்று போனில் டைமர் வைத்தேன், பத்து நொடிக்குள் சொல்லாவிட்டால் சீட்டு எதிராளிக்கு. அன்றைக்கு அவன் யோசிக்கவே இல்லை, வாயில் வந்த எண்ணைச் சொன்னான். "விரல் விடாதே, இன்னும் சின்னப் பையனா" என்று ஒரு அதட்டல் வேறு போட்டேன். நாலாவது சீட்டில் கட்டைத் தூக்கி வீசிவிட்டு அறைக்குள் போய்விட்டான். கட்டிலுக்கடியில் போன சீட்டைப் பொறுக்கி எடுக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது, ஒரு ஆறு இன்னும் கிடைக்கவில்லை. பத்து நாள் அவன் சீட்டைத் தொடவில்லை. டைமரை அதற்கப்புறம் வைத்ததே இல்லை. அவன் யோசிக்கும்போது நான் உதவிக்குப் போகாமல் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் இந்த ஆட்டத்திலேயே கஷ்டமான பகுதி.

மூன்றாவது ஆள் இல்லாத நாளில் இரண்டு பேரே ஆடலாம். ஒருவர் இரண்டு சீட்டையும் பார்த்துவிட்டு, ஒன்றைத் திறந்தும் ஒன்றைக் கவிழ்த்தும் வைத்து மொத்தத்தைச் சொல்லவேண்டும், மற்றவர் கவிழ்ந்ததைக் கண்டுபிடிக்கவேண்டும். நேற்று அவன் முறை. கட்டிலிருந்து வேண்டுமென்றே தேடிப் பொறுக்கி, ஒன்பதைத் திறந்து வைத்து, "பதினாறு" என்றான். நான் யோசிப்பதுபோல் கொஞ்சம் இழுத்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் மெதுவாகச் சொன்னான், "விரல் விட்டுக்கோம்மா, பரவால்ல."