டால்பின் சாண்ட்விச்சில் டால்பின் இல்லை

ஃபுளோரிடா ஹோட்டல் மெனுவில் 'டால்பின்' என்றிருக்கும் படத்தைப் போட்டு, அமெரிக்காக்காரன் டால்பினை வறுத்துத் தின்கிறான் என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தப்பு. அது மாஹி-மாஹி என்ற மீன். செவுளால் மூச்சு விடும், முட்டையிடும், தண்ணீரில் பொன்னும் பச்சையுமாக மின்னும், செத்ததும் நிறம் மங்கிவிடும். ஆங்கிலத்தில் அதற்கும் டால்பின் என்றே பேர், குழப்பம் அங்கேதான். நிஜ டால்பினைக் கொல்வதை 1972-லேயே அங்கே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள்.

அப்புறம், தாய்லாந்தில் 'ப்லா லோமா' என்கிறார்கள், 'ப்லா' என்றால் மீன், ஆகவே டால்பின் மீன்தான் என்று அதிலேயே ஒரு ஒட்டு வேறு. திமிங்கலத்தையும் அவர்கள் 'ப்லா வான்' என்றுதான் சொல்கிறார்கள். பேச்சு வழக்கை வைத்து உயிரியல் எழுத முடியுமா? ஆங்கிலப் பெயரின் கிரேக்க வேரோ கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்தது. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பாலூட்டிக்குப் பொருத்தமான பேர்தான்.