குழாய் யாருடையது என்று முதலில் சொல்லுங்கள்

கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டியவில் இரண்டு பெரிய மின் நிலையங்கள் இருக்கின்றன. ஒன்று 300 மெகாவாட் யுகதனவி. மற்றது அதற்குப் பக்கத்தில் அண்மையில் எழுந்த 350 மெகாவாட் சொபாதனவி. இரண்டும் இயற்கை எரிவாயுவில் ஓடக்கூடியவை என்று சொல்லித்தான் கட்டினார்கள். இதை எழுதும் வரைக்கும் அங்கே வாயு வந்து சேரவில்லை. எண்ணெயும் டீசலும்தான் எரிகின்றன. அந்தச் செலவு சுற்றிச் சுற்றி நம் கரண்ட் பில்லுக்குத்தான் வருகிறது.

வாயு எங்கிருந்து வரும் என்பதில் முகநூலில் பெரிய சண்டை. இந்தியா கொடுக்குமா, அமெரிக்கக் கம்பனியா, மன்னார் கடலுக்கடியில் இருப்பதை நாமே எடுப்போமா என்று ஆளுக்கொரு பக்கம். 2011இல் மன்னார்ப் படுகையில் கெய்ர்ன் நிறுவனம் வாயுவைக் கண்டுபிடித்ததும் உண்மை, 2015இல் அது மூட்டை கட்டிக்கொண்டு போனதும் உண்மை. எனக்கு இந்தச் சண்டையில் பெரிதாக நாட்டமில்லை. யார் கொண்டு வந்தாலும், கரையில் ஒரு குழாய் வழியாகத்தான் அது மின் நிலையத்துக்குப் போகப் போகிறது. அந்தக் குழாய் யாருடையது? அதில் வாயுவை அனுப்ப எவ்வளவு கட்டணம்? அந்தக் கட்டணத்தைத் தீர்மானிப்பது யார்? இதற்கான சட்டமும் அதை நடத்த ஓர் ஒழுங்குபடுத்துநரும் குழாய்க்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. குழாய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், பார்த்துக்கொள்ள ஒன்றும் மிச்சமிருக்காது.

ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், குழாயின் இயல்பே வேறு. நம் சமையலறைச் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. அதை லொறியில் ஏற்றி எந்தத் தெருவுக்கும் கொண்டு போகலாம். ஒரு கம்பனியின் சிலிண்டர் இல்லையென்றால் சிரமப்பட்டாவது மற்றதற்கு மாறலாம். இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீதேன். கப்பலில் கொண்டுவர அதை மறை 162 பாகை செல்சியஸ் வரை குளிரவைத்துத் திரவமாக்குகிறார்கள். கன அளவு ஏறக்குறைய 600இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கெரவலப்பிட்டியவுக்கு வெளியே கடலில் ஒரு மிதக்கும் முனையத்தை நிறுத்தி, அங்கே மறுபடி வாயுவாக்கி, குழாயில் கரைக்கு அனுப்பி, அங்கிருந்து கொழும்பின் களனிதிஸ்ஸ மின் நிலையம் வரை இன்னொரு குழாய் போடுவது என்பதுதான் பல வருடமாகப் பேசப்படும் திட்டம். இந்த நாட்டின் அளவுக்கு, முதல் குழாய் போட்ட பிறகு போட்டிக்கு இன்னொருவர் வந்து இரண்டாவது குழாய் போடப் போவதில்லை. போட்டவர்தான் ராஜா.

கொழும்புக்கு இது புதிதும் அல்ல. புறக்கோட்டையில் பஸ் ஏறப் போகிறவர்களுக்கு காஸ்வேர்க்ஸ் வீதி தெரிந்திருக்கும். 1872இல் தொடங்கிய கொழும்பு எரிவாயு, நீர் கம்பனியின் காலத்தில் நிலக்கரியிலிருந்து வாயு எடுத்துக் குழாயில் அனுப்பி இந்த நகரத்தின் தெருவிளக்குகளை எரித்தார்கள். அந்தக் கம்பனியின் வழிவந்த நிறுவனத்தில் 51 வீதப் பங்கை அரசாங்கம் 1995இல் ஷெல்லுக்கு விற்றது. விற்றதோடு நிற்காமல், சமையல் எரிவாயுவில் ஐந்து வருட ஏகபோக உரிமையையும் சேர்த்துக் கொடுத்தது. மின்சாரம் போன்ற பொதுச் சேவைகளை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் எப்போது வந்தது? 2002இல். அதாவது ஏகபோகம் கொடுத்து, அது முடிந்தும் போன பிறகு. 2010இல் 63 மில்லியன் டொலர் கொடுத்து அரசாங்கமே திரும்பவும் வாங்கியது. அதுதான் இன்றைய லிட்ரோ எரிவாயுக் கம்பனி. ஆக, ஒரு முறை தனியாரிடம், ஒரு முறை அரசிடம் என்று கை மாறியிருக்கிறது. இரண்டு முறையும், விலையைக் கணக்குப் பார்த்துச் சரி பிழை சொல்ல அதற்கென்று தனி ஒழுங்குபடுத்துநர் இருக்கவில்லை. ஆணைக்குழுவின் சட்டத்தில் மின்சாரத்தோடு நீரும் இருக்கிறது, பிறகு பெற்றோலியமும் சேர்க்கப்பட்டது. ஆனால் அந்தத் துறைகளுக்கென்று தனிச் சட்டம் நிறைவேறாததால் ஆணைக்குழு முழு அதிகாரத்தோடு இருப்பது மின்சாரத்தில் மட்டும்தான்.

எரிவாயு விலையைப் பார்த்துக்கொண்டது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. அதன் கையில் இருந்த ஆயுதம் ஒன்றே ஒன்று: உச்ச விலை. 2021இல் நடந்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். உலகச் சந்தையில் விலை ஏறிக்கொண்டே போக, இங்கே 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாவில் கட்டிப்போடப்பட்டிருந்தது. கம்பனிகள் நட்டம் என்றன. முதலில் நடந்தது என்ன? சிலிண்டர் மாறியது. 12.5 கிலோ கடைகளில் அரிதாகி, அதே உயரம், அதே நிறத்தில் 18 லீற்றர் என்று எழுதிய ஒன்று வந்தது. உள்ளே 9 கிலோவும் சொச்சமும். சிலிண்டருக்கு விலை கட்டினால் சிலிண்டருக்குள் இருப்பது மாறும். இதைக் கண்டுபிடிக்கப் பொருளியல் பட்டம் வேண்டியதில்லை, வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கிப் பழகினாலே போதும்.

அப்புறம் தட்டுப்பாடு. அக்டோபரில் அரசாங்கம் கையை விரித்து விலைக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டது. ஒரே தாவலில் 1,257 ரூபா ஏற்றி 2,750 என்றார்கள், பிறகு 75 ரூபா குறைத்து 2,675. நவம்பர், டிசம்பரில் வீடுகளில் அடுப்புகளும் ரெகுலேட்டர்களும் வெடிக்கத் தொடங்கின. நூற்றுக்கணக்கான சம்பவங்கள், உயிர்களும் போயின. சிலிண்டரில் புரோப்பேன், பியூட்டேன் கலவையின் விகிதம் மாறியதே முக்கிய காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழு சொன்னது. புரோப்பேன் கூடினால் அமுக்கம் கூடும், நம் வீட்டு உபகரணங்கள் அதற்குத் தயாரில்லை. 2022 ஏப்ரலில் விலை 4,860. அது கிடைத்தால்தான் விலை. கிடைக்காமல் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வீதியோரம் வரிசையில் விட்டுவிட்டுப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கிராமத்தில் விறகு வைத்துச் சமாளித்தார்கள். ஆறாம் மாடியில் விறகடுப்பு மூட்ட முடியுமா?

கட்டுப்பாடு என்றாலே நல்லது என்று சொல்ல நான் வரவில்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். தவறான கட்டுப்பாடு தட்டுப்பாட்டில்தான் கொண்டுபோய் விடும். அமெரிக்காவே இதைப் படித்துத் தெளிய அரை நூற்றாண்டு எடுத்தது. 1938இல் இயற்கை எரிவாயுச் சட்டம் கொண்டுவந்து மாநில எல்லை தாண்டும் குழாய்களின் கட்டணத்தை ஒழுங்குபடுத்தினார்கள். அது சரி. 1954இல் பிலிப்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மாநிலம் தாண்டி விற்கும் வாயுவாக இருந்தால் கிணற்றடி விலையையும், அதாவது வாயுவை எடுப்பவர் விற்கும் விலையையும், மத்திய ஆணையம் கட்டுப்படுத்த வேண்டும் என்றது. விலையைத் தாழ்த்தி வைத்தார்கள். டெக்சாஸுக்குள்ளேயே விற்றால் கட்டுப்பாடில்லை, வெளியே அனுப்பினால் கட்டுப்பாடு. விற்பவன் எங்கே விற்பான்? 1976-77 குளிர்காலத்தில் வட மாநிலங்களில் வாயு இல்லாமல் தொழிற்சாலைகளையும் பள்ளிக்கூடங்களையும் மூடினார்கள். டெக்சாஸில் வாயு தாராளமாக இருந்தது.

1978இலிருந்து கிணற்றடி விலையைப் படிப்படியாக அவிழ்த்தார்கள். ஆனால் குழாயை அவிழ்க்கவில்லை. 1992இல் அவர்களுடைய மத்திய எரிசக்தி ஒழுங்குபடுத்தல் ஆணையம் 636ஆம் இலக்க ஆணையைப் போட்டது. குழாய்க் கம்பனி வாயு விற்பதை வேறாக்கு, குழாயில் இடம் கொடுப்பதை வேறாக்கு. உன் வாயுவோ அடுத்தவன் வாயுவோ, ஒரே விதத்தில் ஏற்றிக்கொண்டு போ. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த விதி இதுதான். வாயுவின் விலையைச் சந்தை பார்த்துக்கொள்ளட்டும், குழாயின் கட்டணத்தை ஒழுங்குபடுத்துநர் பார்க்கட்டும். இந்தியாவும் 2006இல் பெற்றோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்துக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. குழாய்க் கட்டணத்தை நிர்ணயிப்பதும், மற்றவர்களுக்கும் குழாயில் இடம் கொடுக்க வைப்பதும் அதன் வேலைகள். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்லமாட்டேன். ஆனால் முறையிட ஒரு கதவு இருக்கிறது.

கதவு இல்லாவிட்டால் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள கெரவலப்பிட்டிய வரை போக வேண்டாம். கொழும்பில் சில புதிய தொடர்மாடிகளில் வீட்டுக்கு வீடு சிலிண்டர் கிடையாது. கீழே பெரிய சிலிண்டர்களை அடுக்கி, மேலே ஒவ்வொரு பிளாட்டுக்கும் குழாயும் மீட்டரும். நான் இருப்பதும் அப்படியொன்றில்தான். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை நிர்வாகம் சொல்வதுதான் வேதம். கடையில் சிலிண்டர் விலை ஏறினால் அந்த மாதமே நமக்கும் ஏறும். இறங்கினால், “பழைய ஸ்டொக் இருக்குது அண்ணா, முடியட்டும்.” அந்த ஸ்டொக் முடிவதேயில்லை. கணக்குக் கேட்டேன், காட்டவில்லை. வெளியிலிருந்து சிலிண்டர் கொண்டுவரலாமா என்றால் பாதுகாப்புக் காரணங்களால் தடை. அந்தத் தடை நியாயமானதுதான், அதுதான் எரிச்சலே. எங்கே போய் முறையிடுவது என்று விசாரித்தால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார். ஒரு கட்டடத்துக் குழாய்க்கே இந்தப் பாடு. நாட்டின் மின்சாரத்தில் பெரிய பங்கைத் தாங்கப் போகும் குழாய்க்கு?

இனி 2021 செப்டம்பர் ஒப்பந்தத்துக்கு வருவோம். 17ஆம் திகதி இரவோடு இரவாக நியூ ஃபோர்ட்ரஸ் எனர்ஜி என்ற அமெரிக்கக் கம்பனியோடு அரசாங்கம் கையெழுத்திட்டது. யுகதனவியை வைத்திருக்கும் வெஸ்ட் கோஸ்ட் பவர் நிறுவனத்தில் அரசின் 40 வீதப் பங்கு 250 மில்லியன் டொலருக்கு, கூடவே மிதக்கும் முனையமும் குழாயும் வாயு விநியோகமும் அதே கம்பனிக்கு. அந்த நேரம் முனையத்துக்கும் குழாய்க்கும் தனியாகக் கேள்விப்பத்திரம் ஏற்கனவே கோரப்பட்டிருந்தது. அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது, உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் போடப்பட்டுத் தள்ளுபடியும் ஆயின. கடைசியில் திட்டம் நடக்கவில்லை. பலர் அதை அமெரிக்கச் சதி, தேசத் துரோகம் என்று பேசினார்கள். எனக்கு உறுத்தியது அது அல்ல. மின் நிலையத்தில் பங்கு, முனையம், குழாய், வாயு நான்கும் ஒரே கையில். மற்றவர்கள் 1992இல் பிரித்ததை நாம் 2021இல் கட்டி முடிச்சுப் போடப் பார்த்தோம். அதே பொட்டலத்தை இந்தியக் கம்பனியோ சீனக் கம்பனியோ கொண்டு வந்திருந்தாலும் எனக்கு அதே உறுத்தல்தான்.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கலும் இருக்கிறது. திரவ வாயு ஒப்பந்தங்களில் வழமையாக ஒரு நிபந்தனை வரும்: எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறிப்பிட்ட அளவுக்குப் பணம் கட்ட வேண்டும். இலங்கைக்கு இது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். மலையகத்தில் நன்றாக மழை பெய்து காசல்றீ, மவுசாகலை, விக்டோரியா நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் நீர்மின் கிட்டத்தட்ட இலவசம். அந்த மாதங்களில் கெரவலப்பிட்டியவை ஓட்ட வேண்டிய தேவை குறையும். வரட்சி வந்தால் முழுமூச்சில் ஓட வேண்டும். எவ்வளவு வாயு தேவைப்படும் என்பதை வானம் தீர்மானிக்கும் நாட்டில், நிலையான அளவுக்குக் கையெழுத்துப் போட்டால், மழை பெய்தாலும் நட்டம். அந்த நட்டமும் கட்டணத்துக்குள் வந்துவிடும். இந்த நிபந்தனையை யார் பார்த்து, “இந்த அளவு அதிகம், குறையுங்கள்” என்று சொல்வது? சொல்ல சட்டப்படி உரிமையுள்ள ஒருவர் வேண்டும், அதுவும் கையெழுத்துக்கு முன்னால்.

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருக்கிறதே, இந்த வேலையை அதற்கே கொடுத்துவிடலாமே என்பீர்கள். கொடுக்கலாம். புதிதாக இன்னொரு கட்டடம், இன்னொரு தலைவர், இன்னொரு வாகனத் தொகுதி வேண்டாம் என்பதில் நானும் உங்களோடுதான். ஆனால் 2023 மே 24ஆம் திகதி என்ன நடந்தது? மின்கட்டண உயர்வை எதிர்த்த ஆணைக்குழுத் தலைவர் ஜனக ரத்நாயக்கவை நீக்கும் பிரேரணை 123க்கு 77 என்று பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அவர் சொன்னதெல்லாம் சரியென்று நான் வாதாடவில்லை. 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று ஏற்றியதில் ஒரு பகுதி, முன்னே பல வருடம் ஏற்றாமல் வைத்திருந்ததன் வட்டி. அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அமைச்சரோடு முரண்பட்டால் கதிரை போகும் என்று அடுத்து வருகிறவர் பாடம் படித்துவிட்டால், அவர் எந்த ஒப்பந்தத்தைக் கேள்வி கேட்கப் போகிறார்? 2025 அக்டோபரில் மின்சார சபை கேட்ட 6.8 வீத உயர்வை இதே ஆணைக்குழு மறுத்தது. அப்படி மறுக்கக்கூடிய தைரியம் ஆளைப் பொறுத்து வரக்கூடாது, சட்டத்தில் இருக்க வேண்டும்.

“கட்டுப்பாடு அதிகமென்றால் முதலீட்டாளர் வரமாட்டார்” என்பது எனக்கு வழக்கமாக வரும் பதில். நிதித்துறையில் இருக்கும் நண்பர்கள் சொல்வது. நான் நினைப்பது நேர்மாறு. அரசாங்கம் மாறினால் ஒப்பந்தம் மாறும், அமைச்சர் மாறினால் விலை மாறும் என்பதுதான் முதலீட்டாளருக்குப் பயம், அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் விலை போடுகிறார். குழாய்க் கட்டணம் இந்தச் சூத்திரத்தில், இத்தனை வருடத்துக்கு ஒருமுறை, பகிரங்க விசாரணைக்குப் பிறகு மாறும் என்று சட்டத்தில் இருந்தால் அவரும் குறைவாகக் கேட்கலாம்.

மின்சார சபையைப் பிரிக்கும் 2024ஆம் ஆண்டின் சட்டம் வந்து, 2025இல் திருத்தமும் வந்துவிட்டது. மின்சாரத்தில் உற்பத்தி வேறு, கடத்தல் வேறு, விநியோகம் வேறு என்று ஒப்புக்கொண்ட நாடு, வாயுவில் மட்டும் ஏன் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்ட வேண்டும்?

ஆணைக்குழு கட்டணத் திருத்தங்களுக்கு முன்னால் பொதுமக்கள் கருத்துக் கேட்கிறது. எழுத்திலும் அனுப்பலாம், நேரில் போயும் பேசலாம், தமிழிலும் தாராளமாகச் சொல்லலாம். அடுத்த முறை யூனிட் விலையோடு நிற்காமல், கெரவலப்பிட்டிய வாயுக் குழாயின் கட்டணத்தை எந்தச் சட்டத்தின் கீழ் யார் நிர்ணயிப்பார் என்று எழுத்தில் கேட்கப் போகிறேன். கூடக் கையெழுத்திட விரும்புகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், வரைவை அனுப்புகிறேன்.