பி.காம். மாணவருக்குப் பாறை எதற்கு?

"பி.காம். பிள்ளைகளுக்குப் பாறையும் மண்ணும் எதற்கு? அந்த மணிநேரத்தைக் கணக்குப்பதிவியலுக்குக் கொடுத்துவிடலாமே" என்று நான் நடத்தும் புவி அறிவியல் வகுப்பைப் பற்றி அன்று நம் கல்லூரி ஆசிரியர் கூட்டத்தில் கேட்கப்பட்டதும், அதற்கு எழுந்த சிரிப்பும் இங்கே பலருக்குத் தெரியும்.

நான் சொல்வது ஒன்றுதான். புவி அறிவியலின் அடிப்படையை அறிவியல் படிக்காதவருக்குத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். நிலவியல் எடுத்தவர் எப்படியும் கற்றுக்கொள்வார். நாளை வங்கியில் அமர்ந்து ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் கொடுக்கப்போகிறவர் பி.காம். படித்தவர். தமிழ்நாட்டு நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. அதில் தண்ணீர் மேலே சிதைந்த அடுக்கிலும் விரிசல்களிலும்தான் தங்கும். ஆழம் கூடக் கூட விரிசல்கள் பொதுவாகக் குறையும். நகையை அடகு வைத்து ஆயிரம் அடியையும் தாண்டிப் புழுதி பறக்கத் துளைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்ல வேறு எந்தத் தாள் இருக்கிறது?

என் வகுப்பில் அரியலூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர், சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் தந்தையிடம் கேட்டு ஒரு கல்லைக் கொண்டுவந்தார். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தது. திருப்பிப் பார்த்தால் விசிறிபோல் வரிவரியாக ஒரு சிப்பி. "எங்க ஊர்ல கடல் ஏது சார்?" என்றார். கிரெட்டேசியக் காலத்தில், 6.6 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, அங்கே கடல்தான் இருந்தது என்றேன். மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. அவர் எவ்வளவு மதிப்பெண் வாங்கினார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

பாடத்திட்டமே மனப்பாடம்தானே என்பீர்கள். உண்மை, அது பாடத்திட்டத்தின் குற்றம். மாணவருக்கு ஆர்வமில்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1991இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டிய பிறகு, எல்லா இளநிலைப் பட்டங்களுக்கும் கட்டாயமான சுற்றுச்சூழல் கல்வித் தாளை நாம் எப்படி நடத்துகிறோம்? யாருக்குப் பணிநேரம் குறைகிறதோ அவர் தலையில் கட்டுகிறோம். அவர் முந்தைய இரவு புரட்டிய குறிப்பைப் படித்துக் காட்டுகிறார். பிறகு பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்கிறோம்.

நிலவியலையே படித்து, அதையே தொழிலாகக் கொண்ட ஒருவன் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தான் என்பது சிரித்தவர்களுக்குத் தோன்றவே இல்லை போலும். கணக்குப்பதிவியலை நான் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. இருப்புநிலைக் குறிப்பில் நிலம் சொத்துப் பக்கத்தில் வரும் என்று நீங்கள் சொல்லித்தருகிறீர்கள். அந்த நிலம் ஏரிப் படுகையா, மண் சரியும் மலைச்சரிவா என்று நான் சொல்லித்தருகிறேன். சிரித்தவர்கள் அடுத்த பருவத்தில் ஒருநாள் வந்து கடைசி வரிசையில் அமரலாம். வருகைப்பதிவு எடுக்க மாட்டேன்.