நிலா பர்கரும் சோற்று பர்கரும்

ஜப்பானில் விற்கப்படும் விசித்திரமான பர்கர்கள் அனைத்தும் வெறும் விளம்பர உத்தி என்று அவற்றைப் பற்றிய கட்டுரை ஒன்றில் கட்டுரையாளர் முடித்திருப்பதை, அங்கு சில ஆண்டுகள் வசித்தவன் என்ற முறையில் என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. 1991 முதல் இலையுதிர் காலந்தோறும் மெக்டொனால்ட்ஸ் அங்கே விற்கும் ‘சுகிமி’ (நிலவு காணல்) பர்கரில் இருக்கும் முட்டை, முழுநிலவைக் கண்டு மகிழும் அந்நாட்டினரின் பழைய வழக்கத்தை நினைவூட்டுவதாகும். 1987இல் மோஸ் பர்கர் என்ற ஜப்பானிய உணவக நிறுவனம் அறிமுகப்படுத்திய அரிசி பர்கரிலோ, ரொட்டிக்குப் பதிலாகச் சோற்றையே வட்டமாக அழுத்திச் சுட்டு வைக்கிறார்கள். மூன்று வேளையும் சோறு தேடும் என் போன்றவனுக்கு (சொல்வதில் வெட்கமில்லை) பல இரவுகளில் அதுவே பசியாற்றியது. மூங்கில் கரியும் கணவாய் மையும் சேர்த்த கறுப்பு பர்கரை மட்டும் வேண்டுமானால் கட்டுரையாளருக்கு விட்டுக்கொடுக்கிறேன்: அதில் வியப்பெல்லாம் நிறத்தில்தான், நாவுக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை.